மவுசுக்குக் கீழே மணிக்கூடு

1
இந்தக் கதையை ஒரு செத்தவீட்டில் எடுத்தேன். எடுத்தேன் என்பதுதான் சரி, யாரும் தரவில்லை.

எழுதிவிட்டு வெட்டிய முதல் வரி: ‘ஏர்னெஸ்ட் இறந்த பிறகும் அவருடைய கணினி விழித்திருந்தது.’ இவ்வளவு சீக்கிரம் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

2
யாழ்ப்பாண நகரில் ஓர் அலுவலகம். அதன் கணினிகளுக்குப் பொறுப்பு றஜிந்தன். பத்து நிமிடம் யாரும் தொடாத கணினி தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைத்தவன் அவன்தான். அவனுடைய திரையில் ஒரு பட்டியல்: புழங்கும் கணினிக்குப் பச்சைப் புள்ளி, பூட்டியதற்குச் சாம்பல்.

கோப்பறையில் தனியே இருக்கும் ஏர்னெஸ்ட் ஒருநாள் அவனைக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு கோப்பு வாசிச்சு முடிக்கிறதுக்கிடையிலை பூட்டுது. என்னைக் கள்ளன் எண்டு நினைக்குதோ?”

“கை மணிக்கூட்டைக் கழட்டி மவுசுக்குக் கீழை வையுங்கோ அண்ணை. முள்ளு ஓட, மவுசு அசையுதெண்டு கணினி ஏமாந்து, ஆள் இருக்கு எண்டு நம்பும்.”

“நீரே பூட்டுறீர், நீரே கள்ளத்திறப்பும் தாறீர்.”

(சிரித்தார்கள் என்று எழுதினேன். வெட்டினேன். திரும்பச் சேர்க்கிறேன். சிரித்தார்கள்.)

3
வியாழன், பதினொன்றரை. ஜெசிதா றஜிந்தனுக்கு அடுத்த மேசைக்காரி.

“ஏர்னெஸ்ட் அண்ணை தேத்தண்ணிக்கு வரேல்லை. பாத்திட்டு வரட்டே?”

றஜிந்தன் பட்டியலைப் பார்த்தான். பச்சை.

“வேலையிலை இருக்கிறார். குழப்பாதையும்.”

ஒரு மணிக்கு அவனே சாப்பிடக் கூப்பிடப் போனான். ஏர்னெஸ்டின் தலை மேசையில் கிடந்தது. கை குளிர்ந்திருந்தது. மவுசுக்குக் கீழே மணிக்கூடு ஓடியது. திரையில் அம்புக்குறி நடுங்கியது.

றஜிந்தன் மவுசைத் தூக்கி அப்பால் வைத்தான். திரை பூட்டும்வரை அப்படியே நின்றான். யாரையும் கூப்பிடவில்லை.*

“பதினொண்டரைக்குக் கொண்டுவந்திருந்தால் காப்பாத்தியிருக்கலாம்” என்றார் ஆஸ்பத்திரியில் டாக்குத்தர்.

* பத்து நிமிடமும் நின்றானா? நான் பார்க்கவில்லை. அவனைக் காணவில்லையென்று ஜெசிதா ஓடி வந்தபோது திரை பூட்டியிருந்தது.

4
மாற்றிப் பார்த்தேன். கணினி பூட்டும் பத்து நிமிடத்தை முப்பதாக்கினேன்: ஏர்னெஸ்டுக்கு மணிக்கூட்டைக் கழற்றத் தேவை வரவில்லை; பதினொன்றரைக்குப் புள்ளி சாம்பல்; இருவரும் ஓடுகிறார்கள். ஜெசிதாவைச் சொல்வழி கேளாதவளாக்கினேன்: அவள் கோப்பறைக் கதவைத் திறக்கிறாள், ஏர்னெஸ்ட் மெல்லத் தலையை

முடியவில்லை. நான் செத்தவீட்டுக்குப் போய் வந்தவன்.

5
வட்டுக்கோட்டை, செத்தவீடு. பெட்டியருகே ஏர்னெஸ்டின் மனைவி வினிபிரட் றஜிந்தனின் கையைப் பிடித்தார். மடியில் அந்த மணிக்கூடு.

“குளிக்கேக்கையும் கழட்டாத மனுசன். கந்தோரிலை வேலைக்கிடையிலை ஏன் தம்பி கழட்டினவர்?”

றஜிந்தன் வாயைத் திறந்தான். ஞானப்பாட்டைத் தொடங்கினார்கள். அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருக்கமாட்டேன்.

அவன் நின்ற இடத்தில் நீங்கள் நில்லுங்கள். வினிபிரட் கையை இன்னும் விடவில்லை.