ஒன்பதையும் எண்ணியவர்

எருவேராவுக்கு அறுபத்து நான்கு வயதில் இரண்டாம் கல்யாணம் நடந்தது. எங்கள் தீவின் கிழக்குக் கடலோரத்து ஊரான ஃபாகத்தானேயில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மனைவி நாஹூயா மேற்குக் கரையில் உள்ள எங்கள் வாங்கனுயி ஊர்க்காரி. அவளுடைய ஆற்றங்கரை வீட்டுக்கே அவர் குடிவந்துவிட்டார். இருவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள். ஜூன் மாதக் குளிரில், எங்கள் மக்களின் புது வருடம் நெருங்கியபோதுதான் தகராறு.

அவருடைய ஊரில், விடியலுக்கு முன் மத்தாரிக்கி என்கிற கார்த்திகைக் கூட்டத்தின் ஒன்பது நட்சத்திரங்களும் கண்ணில் பட்டால்தான் வருடம் பிறந்ததாகக் கணக்கு. எங்கள் பக்கம் அதற்குப் புவாங்கா வர வேண்டும். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்கு மேலே, தனியாக எரியும் வெள்ளை நட்சத்திரம் அது.

"மத்தாரிக்கிய மலை மறைச்சிடுச்சுன்னு, கெடச்சதைப் பிடிச்சுக்கிட்டவங்க நீங்க" என்று எருவேரா சீண்டுவார்.

"எங்களுது பளிச்சுன்னு நிக்கும். உங்களுது, யாரோ மாவைச் சிந்தின மாதிரி" என்பாள் நாஹூயா.

அந்த வருடம் அவருடைய அக்கா பிரிஹிரா இறந்துபோயிருந்தாள். அந்த வருடத்தில் போனவர்களின் பெயரைப் புது வருட நட்சத்திரத்தைப் பார்த்துச் சொல்லி வழியனுப்ப வேண்டும். அதற்காக அவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது இருவரும் குன்றுக்குப் போனார்கள். காரை நாஹூயா ஓட்டினாள். மேலே புல்லெல்லாம் உறைபனி. எருவேரா வடகிழக்கைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"வந்துடுச்சு. ஒன்பதும் இருக்கு. என்ன தெளிவு பாரேன்."

நாஹூயா பார்த்தாள். அந்தப் பக்கம் முழுக்க மேகம் அடைத்துக்கொண்டிருந்தது.

"ஒன்பதா?"

"எண்ணிட்டேன்."

"அங்க ஒரு நட்சத்திரமும் இல்ல எருவேரா. மேகம்தான் நிக்குது."

அவர் தொப்பியை விரல்களில் சுற்றிக்கொண்டே நின்றார். "ஒரு வருஷமா எல்லாம் புகை மாதிரிதான் தெரியுது" என்றார் கடைசியில்.

"அதான் கார் சாவிய எங்கிட்டக் குடுத்தியா? ஏன் சொல்லல?"

"புதுசா கட்டிக்கிட்டவ. பழுதான சாமானைத் தலையில கட்டிட்டாங்கன்னு நெனப்பியேன்னு."

கோபப்படத்தான் நினைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "உன் முழங்காலையும் பல்லையும் பார்த்துட்டுத்தானே சம்மதிச்சேன்."

அவர் தோளைப் பிடித்துக் கிழக்கே திருப்பினாள். அங்கே வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. "இப்ப என்ன தெரியுது?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணு தெரியுது. பெருசா."

"அதுதான் புவாங்கா."

"இதைப் பார்த்துச் சொன்னா அக்காவுக்குக் கேக்குமா? அவ எங்க ஊர்க்காரியாச்சே."

"யாரு கூப்பிட்டாலும் வந்துடுவான்னு நீதானே சொன்ன."

"கூப்பிடலேன்னாலும் வருவா" என்றார். பிறகு, கடைசி இருக்கைப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய அந்தப் பெரிய குரலில், பிரிஹிராவின் பெயரை மூன்று முறை சொன்னார். நாஹூயா அவர் கையைக் கோத்துக்கொண்டாள். வெளுக்கும்வரை அப்படியே நின்றார்கள். பிறகு காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கொண்டுவந்த பொரித்த ரொட்டியைப் பாகில் தொட்டுத் தின்றார்கள். அவர் நான்கு தின்றார்.

ஆகஸ்டில் ஒரு கண்ணுக்கும் அக்டோபரில் மற்றக் கண்ணுக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டாவது கட்டைப் பிரித்த அன்று வீட்டுக்கு வந்ததும், எருவேரா மனைவியின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்தார்.

"இத்தனை சுருக்கம் இருக்குன்னு எங்கிட்ட யாருமே சொல்லலையே" என்றார்.

அன்று அவருக்கு மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.