வெண்டெல் இல்லாத முதல் ஆட்டம்

மிசிசிப்பி ஆறு உறைந்து கிடந்த பிப்ரவரியில் வெண்டெல் ஆஸ்ட்பி இறந்துபோனார். ஹார்லன் ஃபெரி ஊரின் பேஸ்பால் அணியான 'நாரைகள்' ஆடிய ஆட்டங்களை எல்லாம் வானொலியில் வர்ணித்தவர். சின்ன அணிதான். அங்கே ஆடித் தேறியவர்கள் பெரிய நகரங்களுக்குப் போய்விடுவார்கள். தேறாதவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வருஷா வருஷம் ஊரில் தங்கியது வெண்டெலின் குரல் ஒன்றுதான்.

மார்லிஸ் ஹௌகன் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே மாடு கறந்தவள். பண்ணையை விற்றுவிட்டுப் பள்ளிப் பேருந்து ஓட்டப் போன பிறகும் அந்தக் குரலை விடவில்லை. அவளுடைய அண்ணன் வெர்னுக்கு அது இன்னும் நெருக்கம். சர்க்கரை நோய் அவன் பார்வையைப் பறித்துக்கொண்ட பிறகு ஆட்டம் என்றாலே அவனுக்கு வெண்டெல்தான். வீட்டில் உட்கார்ந்து கேட்கச் சொன்னால் கேட்கமாட்டான். மைதானத்துக்கு வந்து, ஓடுகிறவர்கள் சுற்றி வரும் நாலு தளங்களில் முதல் தளத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, சின்ன ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டால்தான் அவனுக்கு ஆட்டம் பார்த்த மாதிரி.

சீசனின் முதல் ஆட்டம் ஏப்ரலில் ஒரு ஞாயிறு மதியம். வெயில் இருந்தும் குளிர் விடவில்லை. வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஆளாளுக்கு அடுப்பு மூட்டி, பீரில் ஊறிய சாசேஜைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த அடுப்பருகே நின்றாலும் வெண்டெல் பேச்சுதான். மூடுபனி இறங்கி மைதானமே தெரியாமல் போன ஆட்டத்தை முடி திருத்தும் கோர்டி நடித்தே காட்டினான். அன்றைக்கு வெண்டெல் கொஞ்சமும் தயங்காமல், "பந்து மேல போச்சு ஜனங்களே. எங்க போச்சுன்னு எனக்கும் தெரியல. யாராவது பிடிச்சா சத்தம் கேக்கும், அப்ப சொல்றேன்" என்றாராம்.

"என் கல்யாணத்துக்கு வர்றேன்னு ரேடியோவுலயே சொன்னாரு. சொன்னபடி வந்தாரு. மூணு தட்டு சாப்பிட்டாரு" என்றான் வெர்ன்.

"கோழி வேகலன்னு மறுநாள் ரேடியோவுலயே சொல்லவும் செஞ்சாரு" என்றாள் மார்லிஸ்.

ஆட்டம் தொடங்குமுன் அணியின் மேலாளர் டாட் பிரீட்லி மைதானத்தின் நடுவில் வந்து நின்றார். நல்ல மனிதர். வெண்டெலின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். வெண்டெல் உட்கார்ந்த நாற்காலி இன்று காலியாக இருக்கும் என்றார். அவர் நினைவாக இன்று வானொலியில் வர்ணனை இருக்காது, மைதானத்தின் சத்தம் மட்டுமே போகும், புதிய வர்ணனையாளர் நாளைக்கு வருவார் என்றார். எல்லோரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்கள். மார்லிஸுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. வெர்ன் ரேடியோவைக் காதில் வைத்தான். இரைச்சல் கேட்டது, யாரோ கடலை விற்றார்கள், கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. முதல் இன்னிங்ஸ் முழுக்கப் பொறுத்துக்கொண்டான். இரண்டாவதில் ரேடியோவை அணைத்து மடியில் வைத்துவிட்டான்.

"என்ன ஆச்சு?" என்றாள் மார்லிஸ்.

"செத்தவருக்கு மரியாதைன்னு சொல்லி என் கண்ணைக் கட்டிட்டாங்க" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

அவன் காதருகே குனிந்து, நடப்பதைச் சொல்லத் தொடங்கினாள். பேருந்தின் கடைசி இருக்கை வரை அதட்டிப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேச வரவில்லை. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதியோர் இல்லத்திலிருந்து தன் அம்மா போன் பண்ணினாள், அங்கே எல்லோரும் ரேடியோ கெட்டுப்போனதாக நினைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள் அவர்களில் ஒருத்தி. மார்லிஸுக்கு அந்தக் கூடமும் அதில் இருக்கிற சக்கர நாற்காலிகளும் கண்முன் வந்தன. எழுந்தாள். அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

வர்ணனை அறையில் டாட் தனியாக நின்றிருந்தார். நாற்காலியில் வெண்டெலின் தொப்பி. அதன்மேல் வெள்ளைப் பூக்கள். வந்த விஷயத்தை மார்லிஸ் சொன்னதும் டாட் சங்கடப்பட்டார். நாள் முழுக்க யோசித்துச் செய்த ஏற்பாடு, யாரையும் அந்த நாற்காலியில் உட்கார வைக்கத் தன்னால் முடியாது என்றார்.

"நான் உக்கார வரல டாட். நின்னுக்கிட்டே சொல்றேன். அந்த மனுஷன் ஒரு நிமிஷமாவது நம்மள சும்மா விட்டிருக்காரா? மூடுபனியிலயும் பேசினவருக்கு மௌனம் என்னத்துக்கு?"

டாட் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மைக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

மார்லிஸ் மோசமாகத்தான் வர்ணித்தாள். வீரர்களின் பெயரை மாற்றிச் சொன்னாள். எதிரணிக்காரன் பந்தைப் பிடித்ததற்கு மனமாரத் திட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டாள். ஆனால் கீழே ரேடியோ வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். இன்னிங்ஸ் முடிவதற்குள் அறைக்கு வெளியே கோர்டி வந்து நின்றான். அவன் பின்னால் ஒரு பாதிரியார், அவர் பின்னால் குழாய் வேலைக்காரர் ஒருவர். வரிசை படிக்கட்டில் இறங்கிப் போயிற்று. ஆளுக்குக் கொஞ்சம் என்று டாட் முறை வைத்துவிட்டார். வந்தவர்கள் முதலில் வெண்டெலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள், பிறகு ஆட்டத்தைச் சொன்னார்கள். பாதிரியார்தான் ரொம்பக் கத்தியவர்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், அதாவது கடைசி இன்னிங்ஸ் வந்தபோது நாரைகள் ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தார்கள். ஆடுவது அவர்கள் முறை. இரண்டு பேர் அவுட். முதல் தளத்தில் ஒருவன், இரண்டாம் தளத்தில் ஒருவன். சுற்றி வந்து கடைசித் தளத்தைத் தொட்டால் ஆளுக்கு ஒரு ஓட்டம். இன்னொருவன் அவுட்டானால் முடிந்தது. வரிசையில் அடுத்தவர் முன்னே வந்தார். கோர்டி அவரைத் தடுத்து, மூலையில் நின்ற வெர்னைக் காட்டினான்.

"எனக்கு எப்படிடா தெரியும்?" என்றான் வெர்ன்.

"மூடுபனின்னு நினைச்சுக்க" என்றான் கோர்டி.

வெர்ன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தான். மட்டையாடுகிறவன் பெகேரோ, புதிதாகச் சேர்ந்தவன் என்று மார்லிஸ் காதில் சொன்னாள். அவன் தலையசைத்தான்.

"வணக்கம் ஜனங்களே. நான் வெர்ன். எனக்குக் கண்ணு தெரியாது. அதனால எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க."

அது கீழேயும் ரேடியோக்களில் கேட்டது. ஒருவரை ஒருவர் கையமர்த்திக்கொள்ள, மைதானம் அடங்கியது. பந்து வந்தது. மட்டை மோதிய சத்தம் சுத்தமாக, கெட்டியாகக் கேட்டது.

"நல்ல அடி," என்றான் வெர்ன். "உயரமா இல்ல, நேரா போகுது. இடது பக்கம்..."

டங்கென்று ஒரு சத்தம். இடது பக்கச் சுவரில் அடித்திருந்த தகர விளம்பரங்களில் ஒன்று அதிர்ந்தது.

"தகரம்! தகரத்துல அடிச்சுட்டான்! வலப்பக்கம் பூராவும் மரப்பலகை, இடப்பக்கம்தான் தகரம். யாரும் பிடிக்கல! ஓடுங்கடா! ஒருத்தன் வந்துட்டான், கூட்டம் சொல்லுது. சமம்! இன்னொருத்தன் வர்றான்..."

இரண்டாமவன் கடைசித் தளத்தை நோக்கிப் புழுதி பறக்கச் சறுக்கினான். பந்தும் அதே நேரத்தில் அங்கே வந்து விழுந்தது. நடுவர் குனிந்து பார்த்தார். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"சத்தமே இல்லையே" என்றான் வெர்ன் மெதுவாக. "மார்லிஸ், என்ன ஆச்சு?"

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. அவுட் இல்லை என்று நடுவர் இரண்டு கைகளையும் விரித்தார். கீழே கிளம்பிய ஆரவாரம் அறையின் கண்ணாடியைக் கிடுகிடுக்க வைத்தது.

"ஜெயிச்சுட்டோம்!" என்று வெர்ன் கத்தினான். "நாரைகள் ஜெயிச்சுட்டாங்க! வெண்டெல், கேட்டீங்களா, ஜெயிச்சுட்டோம்!"

வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். டாட் கோர்டியைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். கீழே ஜனங்கள் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேலே பார்த்து நின்றார்கள். தொப்பிகளைத் தூக்கி ஆட்டினார்கள். அது வெர்னுக்கா வெண்டெலுக்கா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அறையில் தொலைபேசி அடித்தது. டாட் எடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"முதியோர் இல்லத்துல இருந்து. ஜெயிச்சதெல்லாம் சரி, எத்தனைக்கு எத்தனைன்னு யாராவது சொல்வீங்களான்னு கேக்கறாங்க."

மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினாள்.