ஒரே பெயரில் இரண்டு பிரிண்டர்

ஐம்பத்திரண்டு வயதில் ஓர் ஆண் திடீரென்று வயிற்றைக் குறைக்க ஆரம்பித்தால் பெண்டாட்டிக்காரி சும்மா இருக்க முடியுமா? என் வீட்டுக்காரர் இரண்டு மாதமாகக் காலையில் எழுந்து நடக்கப் போகிறார். சிகரெட்டை விட்டுவிட்டார். இருபத்தாறு வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தியும் விடாத சிகரெட். என்ன விஷயம் என்று கேட்டால், "உனக்குத்தானே நல்லது" என்கிறார். எனக்கு நல்லது செய்வதற்காக இவர் விடியற்காலையில் எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அப்புறம் எதிர் வீட்டு டியூஷன் டீச்சர். ஒரு நாள் நான் படியேறி வருகிறேன், இவரும் அவளும் மாடிப்படி முனையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் தலையைக் கண்டதும் பேச்சு நின்றது. "பிரிண்டர் பத்திக் கேட்டுட்டிருந்தேன்" என்றார் இவர், நான் கேட்காமலேயே. கேட்காமல் வருகிற பதிலை நான் எப்போதும் நம்புவதில்லை.

அந்தச் சனிக்கிழமையே பிரிண்டர் வந்து இறங்கியது. அச்சடிக்கும், ஸ்கேனும் எடுக்கும், இரண்டும் ஒரே பெட்டி. டீச்சர் வீட்டில் இருக்கிற அதே மாடல்.

"எதுக்கு இது?"

"உன் தையலுக்குத்தான். அளவு, படம் எல்லாம் அடிச்சு எடுத்துக்கலாம்ல."

நான் துணி மேல் சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டுகிறவள். இத்தனை வருஷத்தில் ஒரு படம் கேட்டிருப்பேனா இவரிடம்?

தையல் மிஷின் இருக்கிற சின்ன அறையில், கம்ப்யூட்டர் பக்கத்தில் அதை வைத்தார். என்னவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடி லிஃப்ட் நடுவில் நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் யாரிடமும் வழி கேட்க மாட்டார், குறிப்புப் புத்தகத்தையும் பிரிக்க மாட்டார். "இப்பல்லாம் வயரே வேண்டாம், வைஃபையிலேயே போயிடும்" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெட்டியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திரை. அதில் அம்புக்குறிப் பொத்தானை அமுக்கி அமுக்கி ஒவ்வோர் எழுத்தாகப் பாஸ்வேர்டு போட வேண்டும். பதினான்கு எழுத்து. ஒன்று தாண்டிப் போனால் மறுபடி முதலிலிருந்து. மூன்று முறை தாண்டிப் போனது. நான் பொத்தானுக்குக் காஜா தைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கம்ப்யூட்டரில் பெயர் வந்தது. ஒன்றில்லை, இரண்டு.

"ஒரே பேரை ரெண்டு தடவ காட்டுது பாரு. கம்ப்யூட்டருக்கே கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று சொல்லி மேலே இருந்ததை அமுக்கினார். பிறகு எழுந்து, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கதவ ஏன் சாத்துறீங்க?"

"உன் மிஷின் சத்தம் தாங்கல."

என் மிஷின் சத்தத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிற மனுஷன்! நான் கதவில் காதை வைத்தேன், அதில் எனக்கு வெட்கமொன்றும் இல்லை. ஸ்கேனர் உறுமியது. பென்டிரைவைப் பிடுங்குவதும் செருகுவதும் கேட்டது. அதன் பிறகு வெகு நேரம் சத்தமே இல்லை. அப்புறம் திட்ட ஆரம்பித்தார். "முடிஞ்சதுன்னு சொல்லுது, ஒரு பேப்பர் வரல, சனியன்!" எத்தனை முறை அமுக்கினாரோ தெரியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன், பேப்பர் விழும் தட்டு காலி.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனதும் தூசி தட்டுகிற சாக்கில் ஸ்கேனர் மூடியைத் திறந்தேன். கண்ணாடி மேல் என் பழைய அடையாள அட்டை குப்புறக் கிடந்தது. பீரோவில், என் புடவைக்கு அடியில் நான் வைத்தது. சாயங்காலம் கேட்டேன்.

"சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்."

"உங்க அட்டை என்னாச்சு?"

"கைக்குக் கிடைச்சது அதான்."

புடவைக்கு அடியில் இருப்பது எப்படிக் கைக்குக் கிடைக்கும்? என்னிடம் எதையோ எழுதி வாங்கிக்கொண்டு என்னை ஒதுக்கப் போகிறார் என்றே முடிவு கட்டினேன். பிள்ளை குட்டி இல்லை எங்களுக்கு. எனக்கென்று இருப்பது இந்த ஓர் ஆள்தான். இவரும் போய்விட்டால் நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

மறுநாள் அந்த டீச்சர் சூப் கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, கண் கலங்கியிருந்தது. "உங்க மனசு யாருக்கும் வராதுக்கா" என்றாள். புதன்கிழமை மறுபடியும் சூப். "சார் உடம்பத் தேத்தணும்ல."

என் புருஷன் உடம்பைத் தேற்ற இவள் யார்? எனக்கு ரத்தம் கொதித்தது. கிண்ணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டினேன்.

"உனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் என்ன? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "ஐயோ அக்கா, என்ன பேசுறீங்க!" உள்ளே ஓடி ஒரு கவரை எடுத்து வந்தாள். "சனிக்கிழம பசங்களுக்குக் கணக்குத் தாள் அடிச்சிட்டிருந்தேன். நடுவுல இது வந்துச்சு. அஞ்சு தடவ. சார் லிஸ்டுல உங்களுதுக்குப் பதிலா என் பிரிண்டர எடுத்திட்டாருபோல. ரெண்டு வீட்டுக்கும் ஒரே வைஃபைதானே. மாடலும் ஒண்ணு, பேரும் ஒண்ணுதான். கடைசி நம்பரப் பாத்துதான் எடுக்கணும். நான் படிச்சிருக்கக் கூடாது. படிச்சிட்டேன். எப்படித் திருப்பித் தர்றதுன்னு தெரியாம வச்சிருந்தேன்."

ஐந்து தாளும் ஒன்றேதான். ஆஸ்பத்திரிப் படிவம். சிறுநீரகம் கொடுப்பவரின் மனைவி தரும் சம்மதம். கொடுப்பவர், என் வீட்டுக்காரர். பெறுபவர், அவருடைய தம்பி. கீழே என் கையெழுத்து.

நான் போடாத கையெழுத்து. கொஞ்சம் சாய்ந்து, ஓரத்தில் அட்டையின் விளிம்பு சாம்பல் கோடாக விழுந்திருந்தது.

"ஒரு இடம் மட்டும் நிரப்பாம விட்டிருக்கீங்கக்கா" என்று டீச்சர் விரலால் காட்டினாள். 'பெறுபவருக்கு நீங்கள் என்ன உறவு?' அதற்கு எதிரே வெறுமை.

அந்தத் தம்பியோடு நான் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த ஒரு கூடத்தில், ஏதோ அற்ப வாக்குவாதத்தில், "பெத்திருந்தா தெரியும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னவன். அன்றைக்கே சொல்லிவிட்டேன், இவன் பெயரை என் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாதென்று. இவரும் எடுக்கவில்லை. அவனுக்கு இப்படி ஒரு வியாதி என்பதே எனக்குத் தெரியாது.

சாயங்காலம் கையில் கிரீஸோடு வந்தவருக்கு முன்னால் ஐந்து தாளையும் பரப்பினேன். முகம் வெளிறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் கையெழுத்தத் திருடுற அளவுக்கு வந்தாச்சா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதான்."

"அறுத்து எடுத்தப்புறம் உங்களுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அவனுக்குப் பெண்டாட்டி, பிள்ளைங்க எல்லாம் இருக்கு. எனக்கு யாரு இருக்கா? சொல்லுங்க!"

எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்திலா பயத்திலா என்று எனக்கே தெரியவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி தாளை எடுத்துப் படித்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. மனைவி நேரில் வந்து மருத்துவர் முன் மறுபடியும் கையெழுத்திட வேண்டும், யாராவது வற்புறுத்தினார்களா என்று அவரைத் தனியாக விசாரிப்பார்கள்.

"இதப் படிச்சீங்களா?"

படித்தார். மறுபடியும் படித்தார். லிஃப்டில் எழுதி ஒட்டியிருப்பதை ஒரு பயலும் படிப்பதில்லை என்று ஊரையே திட்டுகிற மனுஷன்! சிரிப்பு வந்து தொலைத்தது எனக்கு.

"அவன் கேட்டானா உங்ககிட்ட?"

"இல்ல. அண்ணிக்குத் தெரியாம வேண்டாம்னுட்டான். ரெண்டு தடவ என்னப் பாத்ததும் ஆஸ்பத்திரிலேர்ந்து எந்திரிச்சுப் போயிட்டான். வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் மிஷின்ல படுத்துக் கிடக்கிறான். பாக்க முடியல என்னால."

மறுநாள் முழுக்க அந்தத் தாளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டரைப் போடச் சொன்னேன்.

"கையெழுத்தில்லாத தாளா ஒண்ணு அடிங்க. மேல இருக்கிறத அமுக்காதீங்க, அது டீச்சரோடது. கடைசி நம்பரப் பாருங்க."

பெட்டியை எட்டிப் பார்த்து நம்பரை ஒப்பிட்டுவிட்டு, கீழே இருந்ததை அமுக்கினார். எங்கள் பிரிண்டர் முதல் முறையாகக் கடகடவென்று ஓடி, என் தையல் மிஷின் பக்கம் தாளை நீட்டியது. அதை எடுத்துத் துணி வெட்டுகிற மேஜையில் வைத்தேன்.

"ஆஸ்பத்திரில என்னத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க. என்னன்னு சொல்ல? வீட்டுக்காரர் திருடன்னு சொல்லட்டுமா?"

"சொல்லு" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

"அவன மன்னிச்சிட்டேன்னு போய்ச் சொல்லி வைக்காதீங்க. மன்னிக்கல."

"சரி."

கையெழுத்துப் போட்டேன். அட்டையில் இருப்பது போல் நேராக வரவில்லை. அப்புறம் மேலே அந்தக் காலி இடம். என் கையெழுத்தையே ஒட்டத் துணிந்தவர், ஐந்து தாளிலும் அதை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தார். பேனாவை அந்த இடத்துக்கு நகர்த்தினேன்.

'அண்ணி' என்று எழுதினேன்.