பிடித்துவைத்த கட்டு

காலையில் அலுவலகம் வந்ததும் வக்கீல் முதலில் இரும்பு அலமாரியைத் திறப்பார். மேல் தட்டில் இருப்பவை நடப்பு வழக்குகள். அவை குமாஸ்தாவின் பொறுப்பு. கீழ்த் தட்டில் இருப்பவை கட்டணம் பாக்கி வைத்தவர்களின் கட்டுகள். கட்டணம் தீரும்வரை கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்துவைக்க அந்த ஊர்ச் சட்டம் அவருக்கு உரிமை தந்திருந்தது. அந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டுவார். காய்கறி வாங்குபவர்போல் உள்ளங்கையில் ஏந்தி எடை பார்ப்பார். மறுபடி அடுக்கிப் பூட்டுவார். அதன் பிறகுதான் தேநீர். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த வரிசை மாறியதில்லை.

அன்று தேநீர் வருவதற்குமுன் லேத்துக்காரம்மா வந்துவிட்டாள். கணவன் விட்டுப்போன சிறிய லேத்துப் பட்டறையைத் தனியாளாக நடத்துபவள். பட்டறை தனக்கே சொந்தம் என்று அவளுடைய கொழுந்தன் வழக்குப் போட்டான். முதல் கோர்ட்டில் அவளுக்கு வெற்றி வாங்கித் தந்தவர் இதே வக்கீல்தான். கொழுந்தன் மேல்முறையீட்டுக்குப் போனதும் இவர் கட்டணம் முருங்கைமரம்போல் வளர்ந்தது. அவள் ஓர் இளம் வக்கீலம்மாவிடம் போனாள். இப்போது கொழுந்தன், பட்டறையை அவள் கணவனுக்கு ஒதுக்கிய பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலே பொய் என்கிறான். மூலப் பத்திரமோ கீழ்த் தட்டில் இருக்கிறது.

"சார், திங்கக்கிழமை கடைசி வாய்தா. அந்த ஒரு பத்திரத்தை மட்டும் குடுங்க. கோர்ட்டுல காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்து வெச்சிடறேன்."

"பழைய பாக்கி?"

"பாதி கொண்டாந்திருக்கேன். மீதிய மாசாமாசம் தர்றேன்."

வக்கீல் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் கை தன்னையறியாமல் நீண்டது. அவர் கட்டை அங்குலக் கணக்கில் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரு கதை சொல்றேன், கேளும்மா. நரி ஒண்ணு ஆத்துல ஓடம் ஓட்டுச்சாம். ஆட்ட ஏத்திக்கிட்டு, நடு ஆத்துல நிறுத்திக் கூலி கேட்டுச்சாம். 'கரை சேந்ததும் தர்றேன்'னு ஆடு சொல்லுச்சாம். அதுக்கு நரி, 'கரையில நீ ஆடு. இங்கதான் நீ கூலி'ன்னுச்சாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தம்மை நரி என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமே இல்லை.

"வேணும்னா தொட்டுப் பாத்துக்கோங்க. தொட்டுப் பாக்கக் கட்டணம் கிடையாது. யோவ் குமாஸ்தா, அம்மாவுக்கு வாசல் எந்தப் பக்கம்னு மறந்துபோச்சு போல."

குமாஸ்தா எழுந்தார். அவளோடு படிவரை நடந்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தவர், "பாத்து இறங்குங்கம்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை, பத்திரம் பழைய வக்கீலிடம் கட்டணத்துக்காக நிற்கிறது என்று இளம் வக்கீலம்மா கோர்ட்டில் முறையிட்டாள். "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. இரண்டு வாய்தா தந்தாகிவிட்டது" என்றார் நீதிபதி. பட்டறை கொழுந்தனுக்குப் போயிற்று. பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும்; கொழுந்தனுடைய வழக்குச் செலவையும் அவளே கொடுக்க வேண்டும்.

வராந்தாவில் கொழுந்தன் வழிமறித்தான்.

"என்ன அண்ணி, மூஞ்சி இப்படித் தொங்குது? போன தடவை நான் தோத்தப்ப உங்க வழக்குச் செலவ மொத்தமா உங்க வக்கீல் கையில கட்டினேனே, அழுதேனா?"

அவள் நின்றுவிட்டாள். "எந்தச் செலவு?"

"தெரியாதா? ஐயோ பாவம்!" அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உங்க பாக்கியவிடக் கூடவே குடுத்தேன். அந்தக் குமாஸ்தா கையாலதான் ரசீது வாங்கினேன்."

அது உண்மை. தோற்றவன் கட்டிய பணத்தை வக்கீல் விழுங்கிவிட்டு, அதே கட்டணத்தை வென்றவளிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். ரசீது எழுதிய குமாஸ்தாவுக்கு, வாயை மூடிக்கொள்ள அன்று வக்கீல் வாங்கித் தந்தது ஒரு ஜோடிப் புதுச் செருப்பு.

மறுநாள் பட்டறையில் லேத்தின் அடிப்போல்டுகளை அவள் கழற்றிக்கொண்டிருந்தபோது குமாஸ்தா வந்து நின்றார். கையில் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள்.

"சிரிக்க வந்தீங்களா?"

"வேலைய விட்டுட்டு வந்தேம்மா. வக்கீலம்மாகிட்ட என்னக் கூட்டிட்டுப் போங்க."

"இத்தன நாள் உங்க வாய் எங்க போச்சு?"

"வயித்துக்குள்ள போச்சும்மா."

அவள் ஸ்பானரைக் கீழே வைக்க வெகுநேரம் ஆயிற்று.

இளம் வக்கீலம்மா அடிக்கட்டைகளைப் புரட்டினாள். பாக்கியே இல்லாதபோது பத்திரக் கட்டைப் பிடித்துவைக்க உரிமையும் இல்லை. தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்றாள். பிரமாணப் பத்திரம் ஒன்றைத் தட்டச்சு செய்து வந்து, தணிந்த குரலில் சொன்னாள்:

"ஐயா, 'பணம் வந்ததைக் கட்சிக்காரரிடம் சொல்ல மறந்துவிட்டேன்'னு போட்டிருக்கேன். அப்படி இருந்தா உங்க மேல வழக்கு வராம பாத்துக்கலாம்."

குமாஸ்தா லேத்துக்காரம்மாவைப் பார்த்தார். அவள் முகத்தில் மன்னிப்பு இல்லை. அவர் அதைத் தேடவும் இல்லை.

"மறக்கலம்மா. அத அடிச்சிட்டு, 'தெரிந்தே மறைத்தேன்'னு போடுங்க."

வக்கீலம்மா அடித்துத் திருத்தினாள். திருத்திய இடத்தின் பக்கத்தில் ஒரு கையெழுத்து; கடைசியில் ஒன்று. இரண்டையும் அவர் தெளிவாகப் போட்டார்.