உங்களுக்கு முன்னால் நான்கு பேர்

கடவுள் ஒரு மனிதனைப் புத்தகத்திடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதென்று முடிவு செய்துவிட்டால், அதற்குப் பள்ளிக்கூடத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. சலூன்காரர் விஷயத்தில் அவர் பள்ளிக்கூடத்தை முயன்று பார்த்துக் கைவிட்டார். பிறகு நெடுங்காலம் பொறுத்திருந்து, கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பயன்படுத்தினார்.

சலூன்காரருக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. கடையில் காத்திருப்பவர்களுக்காக ஒரு பெஞ்சும் அதன்மேல் வாரப் பத்திரிகைகளும் போட்டிருந்தார். வாங்குவது அவர், புரட்டுவது வாடிக்கையாளர்கள். மருந்துக்கடைக்காரர் தன் மாத்திரைகளைத் தானே விழுங்குவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒரு மீன் தொட்டி இருந்தது. சுவரில், பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம். அந்தக் குடும்பத்தில் நாய்க்குக்கூடப் பல் பளிச்சென்று இருந்தது. வாசலருகே மேசை போட்டு, ஐம்பதைக் கடந்த ஒரு பெண் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை டோக்கன் அக்கா என்றே கூப்பிட்டார்கள். உள்ளேயிருந்து துளை போடும் மிஷின் சத்தம் வந்தது. தினமும் அடுத்தவர் கழுத்தில் சவரக்கத்தி வைக்கும் சலூன்காரர் அந்தச் சத்தத்தில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கைக்கு ஏதாவது பிடிமானம் வேண்டுமே என்று, பற்பசை விளம்பரத் தாள்களுக்கு அடியில் கிடந்த ஒரு தடித்த புத்தகத்தை உருவி எடுத்தார். அட்டை இல்லை. பெயர் போட்ட பக்கமும் இல்லை. கதை மட்டும் இருந்தது.

ஆற்றங்கரையில் ஒரு பெண் விடுதி நடத்துகிறாள். கொட்டும் மழையில் ஒருவன் பூட்டிய பெட்டியோடு வந்து அறை கேட்கிறான். யார், எங்கிருந்து வருகிறான் என்று எதுவும் சொல்வதில்லை. அறைக்குள் போன பிறகு பெட்டியை யாரையும் தொட விடுவதில்லை. விடுதியில் தங்கியிருப்பவர்கள் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். உள்ளே நகை என்கிறார் ஒருவர். துப்பாக்கி என்கிறார் இன்னொருவர். ஒருநாள் அவன் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து அவள் அறையைப் பெருக்கப் போகிறாள். பெட்டியின்மேல் கை வைக்கிறாள்.

“தம்பி, உங்க டோக்கன் வந்துடுச்சு. உள்ள போங்க.”

“அதுக்குள்ளயா?” என்றார் சலூன்காரர்.

டோக்கன் அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்பதுதான்.

சொத்தைப் பல்லை டாக்டர் சுத்தம் செய்து அடைத்து அனுப்பினார். மரத்துப்போன கன்னத்தோடு சலூன்காரர் மேசைக்கு வந்து, புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று பாதி வாயால் கேட்டார்.

“இங்க இருக்கற எதையும் வெளிய கொண்டு போகக்கூடாது தம்பி. டாக்டரோட உத்தரவு. போன வருஷம் தொட்டியிலேருந்து ஒரு மீனையே யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

அவர் நேராகப் புத்தகக் கடைக்குப் போனார்.

“புத்தகத்தோட பேரு?” என்றார் கடைக்காரர்.

“தெரியலீங்க.”

“எழுதினது யாரு?”

“அதுவும் தெரியல. ஒரு அம்மா விடுதி நடத்துறாங்க. ரொம்ப நல்ல மாதிரி.”

கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டினார். ஓட்டல் நிர்வாகம் பற்றிய பாடநூல் ஒன்று வந்தது. அதை வேண்டாம் என்றதும், சீக்கிரம் கோடீஸ்வரர் ஆவது எப்படி என்ற புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

“எழுதினவர் ஆயிட்டாரா?” என்று கேட்டார் சலூன்காரர்.

“அவர் எழுதினது நல்லா விக்குதே, அது போதாதா?”

இரண்டு நாள் கழித்துச் சலூன்காரருக்கு வலது பக்கம் ஒரு பல் வலித்தது. உண்மையில் வலிக்கவில்லை. பொய் சொல்வதை நான் ஆதரிக்கவில்லை. கடவுளும் ஆதரிக்க மாட்டார். ஆனால் ஓர் அறையில் வியாதியோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்; புத்தகத்தோடு உட்கார்ந்தால் மட்டும், ‘என்ன, வேலைவெட்டி இல்லையா?’ என்று கேட்டுவிடும் உலகம் இது. நாற்பது வயதுக்குமேல், ‘கதை படிக்க வந்தேன்’ என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. பல் கூச்சம் என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் கனிவானவர். வழுக்கைத் தலை, அதில் மேல் விளக்கு அப்படியே தெரியும். “ஒரு பல்லு கெட்டா பக்கத்துப் பல்லு சும்மா இருக்குமா? கூட்டுக் குடும்பம் மாதிரிதான். ஒருத்தர் அழுதா எல்லாரும் அழுவாங்க” என்று சொல்லி, எல்லாப் பற்களையும் சுத்தம் செய்தார். அடுத்த முறை எக்ஸ்ரே படம் எடுத்தார். அதற்கடுத்த முறை, இருக்கட்டுமே என்று ஒன்றை அடைத்தார். மற்ற டாக்டர்களிடம், “எங்கிட்ட ஒரு பேஷண்ட் இருக்கார். நான் கூப்பிடாமலே வர்றார். மிஷின் சத்தம் கேக்கும்போது அவர் முகத்துல அப்படி ஒரு நிம்மதி” என்று பெருமையடித்துக்கொண்டார்.

சலூன்காரருக்கு ஒரு விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம் இருந்தது. எவ்வளவு சீக்கிரம் போனாலும் கடைசி டோக்கன்தான் கிடைத்தது.

“இன்னைக்கும் கடைசிதான் தம்பி. வலியோட உக்காந்திருக்கணும், பாவம். அந்த ஜன்னல் பக்கமா உக்காருங்க. அங்க வெளிச்சம் நல்லா இருக்கும்” என்பார் டோக்கன் அக்கா.

வீட்டில் வேறு விதமான வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

“ஏங்க, பல்லு வலின்னு போறவங்க இஸ்திரி போட்ட சட்டையா போட்டுட்டுப் போவாங்க?” என்று கேட்டாள் மனைவி.

“டாக்டர் முன்னாடி வாயைத் திறக்கணும்ல?”

“வாயைத்தானே திறக்கணும்? எதுக்கு செண்ட்டு?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் உடனே தன் தம்பியைச் சலூனுக்கு அனுப்பி உளவு பார்க்கச் சொன்னாள்.

மச்சினன் காப்பீட்டு ஏஜெண்ட். முன்னேறுவது எப்படி என்று கேட்காதவர்களுக்கும் சொல்பவன். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டியதும் விசாரணையை ஆரம்பித்தான். சலூன்காரர் கத்தரியை ஓட்டியபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

“அட, புத்தகமா! நான்கூட வாரத்துக்கு நாலு புத்தகம் முடிக்கறேன் மாமா. போன்ல சுருக்கமா சொல்லிடறாங்க. பல்லு விளக்கி முடிக்கறதுக்குள்ள ஒரு புத்தகம் முடிஞ்சுடும்.”

“என்ன படிச்ச கடைசியா?”

மச்சினன் கண்ணாடியைப் பார்த்து யோசித்தான். “அது... நேரத்தைப் பத்தி. நேரம் ரொம்ப முக்கியம்னு வருது. அதை விடுங்க. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துட்டு வர வேண்டியதுதானே? பெட்டியில என்ன இருக்குன்னு தெரிஞ்சா வேலை முடிஞ்சுது.”

“காது பக்கத்துல கத்தரி இருக்கு. ஆடாம உக்காரு” என்றார் சலூன்காரர். அவர் குரலில் அதுவரை இல்லாத ஒரு கடுமை இருந்தது.

மச்சினன் அக்காவிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னான். அவள் நம்பவில்லை. “புத்தகத்துக்கு யாராவது செண்ட்டு போடுவாங்களாடா?” என்றாள்.

மழை பெய்த ஒரு பிற்பகலில் சலூன்காரர் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். பெட்டியில் ஒன்றுமே இல்லை. கையில் சாமான் இல்லாதவனுக்கு எந்த விடுதியிலும் அறை கொடுக்க மாட்டார்கள் என்பதால், காலிப் பெட்டியைப் பூட்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பெண்ணுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கிறது.

முதல் நாளேவா? சலூன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் நாள் அவள் என்ன சொன்னாள்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற அவசரத்தில் அந்தப் பக்கத்தை ஓட்டமாக ஓடிக் கடந்திருக்கிறார். திரும்பிப் போய்ப் பார்க்காமல் இனித் தூக்கம் வராது. முதல் பக்கத்தைத் திருப்பிய நொடியில் டாக்டர் உள்ளே கூப்பிட்டார்.

“இவ்வளவு செஞ்சும் வலி நிக்கலைன்னா ஒரே வழிதான். வெள்ளிக்கிழமை வாங்க, அந்தப் பல்லை எடுத்துடலாம்.”

சலூன்காரர் கடைக்குத் திரும்பி, இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்கும் இடத்தில் நின்று வாயைத் திறந்தார். ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கண்ணுக்கு எட்டாத தூரம் வரை திறந்த வாய்கள். ஒவ்வொன்றிலும் அந்தப் பல் குறையொன்றும் இல்லாமல் நின்றது. வெள்ளிக்கிழமை போனால் பல் போய்விடும். போகாவிட்டால், வலி தீர்ந்துவிட்டது என்று ஆகிவிடும். பிறகு அந்த அறையில் கால் வைக்க ஒரு காரணமும் கிடைக்காது.

“முடிவுதான் தெரிஞ்சுபோச்சே மாமா, மறுபடி எதுக்கு?” என்று மச்சினன் கேட்டான்.

“உங்க அக்காவை எனக்கு இருபது வருஷமா நல்லாத் தெரியும். அதுக்காக வீட்டுக்குப் போகாம இருக்கேனா?”

வெள்ளிக்கிழமை மனைவியும் கூடவே கிளம்பினாள். பல் பிடுங்கும்போது துணைக்கு ஆள் வேண்டும் என்றாள். செண்ட்டுக்கு விடை வேண்டும் என்பது அவள் சொல்லாத காரணம்.

அறையில் ஒருவரும் இல்லை. உள்ளே மிஷினும் ஓடவில்லை. டோக்கன் அக்கா தலை நிமிராமல் சொன்னார்: “உங்களுக்கு முன்னால நாலு பேர் இருக்காங்க தம்பி. உக்காருங்க.”

மனைவி சுற்றிலும் பார்த்தாள். “நாலு பேரா? எங்க இருக்காங்க அக்கா? தொட்டியில மீனுதான் இருக்கு நாலு.”

“சும்மா இரு” என்று அடிக்குரலில் சொல்லிவிட்டு, சலூன்காரர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைத் திறந்தார். இந்த முறை ஓடவில்லை. ஒவ்வொரு வரியாக நடந்தார். மழை வந்தது. அவன் வந்தான். நனையாதிருக்கட்டும் என்று அவள் பெட்டியைத் தூக்கிப் படியில் ஏற்றி வைத்தாள். பிறகு வேலைக்காரனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: ‘ஐயாவோட பெட்டி நல்ல கனம். மாடிப்படியில பார்த்துத் தூக்கிட்டுப் போ.’

அந்த வரியை அவர் முன்பும் படித்திருந்தார். அப்போது அதில் ஒரு பெட்டிதான் இருந்தது.

அவர் தலை நிமிர்ந்து டோக்கன் அக்காவைப் பார்த்தார். அக்கா மேசையில் எதையோ மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?”

“எது தம்பி?”

“எனக்குப் பல்லு வலிக்கலைன்னு.”

“மொத நாளே ‘அதுக்குள்ளயா’ன்னு கேட்டீங்களே. அடுத்த தடவை வந்து கன்னத்தைப் பிடிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“வலிக்கவே இல்லையா!” என்று மனைவி போட்ட சத்தத்தில் மீன்கள் கலைந்தன. உள்ளிருந்து டாக்டர், கையுறையோடு வெளியே வந்தார்.

விஷயம் தெரிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். “அப்போ நீங்க எங்கிட்ட வரலையா? இதுக்கா வந்தீங்க?” என்று அட்டையில்லாத புத்தகத்தைக் காட்டிக் கேட்டார்.

“டாக்டர், வலிக்காத பல்லையா பிடுங்க இருந்தீங்க?” என்றாள் மனைவி.

இதற்குப் பிறகு யாரையாவது கோபித்தே ஆகவேண்டிய நிலை டாக்டருக்கு. டோக்கன் அக்காவைக் கோபித்தால் நாளைக்கு டோக்கன் கொடுக்க ஆளில்லை. எனவே புத்தகத்தைக் கோபித்தார். “இனிமே இங்க புத்தகமே கிடையாது. டிவி வைக்கப் போறேன்” என்று அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கணவனும் மனைவியும் வீட்டுக்கு நடந்தார்கள். பல் வாயில் பத்திரமாக இருந்தது. ஆனாலும் பிடுங்கிய முகமாகத்தான் சலூன்காரர் வந்தார்.

“எல்லாம் சரி. செண்ட்டு எதுக்கு?” என்றாள் மனைவி.

“கதையில விடுதி நடத்துற அம்மா அவ்வளவு நல்லவங்க. அவங்க முன்னாடி வேர்வை நாத்தத்தோட போய் உக்கார முடியுமா?”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, “பெட்டியில என்னதாங்க இருந்துச்சு?” என்றாள்.

“சொல்ல மாட்டேன். நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கணும்.”

“எங்க படிக்க? அதான் அவர் பிடுங்கிட்டாரே.”

இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். இருபது வருஷத்தில் அது முதல் தடவையாக இருக்கலாம்.

அதற்கடுத்த வாரம், சலூனில் ஆளே இல்லாத ஒரு மத்தியான வேளையில், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் வந்தார். தோளில் ஒரு பை. அதற்குள் விட்டிருந்த கையை வெளியே எடுக்கவில்லை.

“முடி வெட்டணும்” என்றார், சுவரைப் பார்த்து.

சலூன்காரர் அவர் தலையை முன்னும் பின்னும் மரியாதையாகப் பார்த்தார். வெட்டுவதற்கு அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். பிறகு பையைப் பார்த்தார். வாய் சரியாக மூடாத அந்தப் பைக்குள், அட்டையில்லாத தடித்த புத்தகம் ஒன்றில், பக்கம் தவறிவிடாமல் டாக்டரின் விரல் செருகியிருந்தது. கால்வாசி தூரம் வந்திருப்பார். பெட்டியின்மேல் அவள் கை வைக்கும் இடம் அதுதான். பாவம், க்ளினிக்கில் யாராவது வாயைத் திறந்துகொண்டு வந்துவிட்டிருப்பார்கள்.

பெட்டியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட ஒரு விநாடி போதும். தன் புத்தகத்தைப் பறித்துக்கொண்டு போனவருக்குச் செய்ய அதைவிடப் பெரிய பழி உலகத்தில் இல்லை.

“உங்களுக்கு முன்னால நாலு பேர் இருக்காங்க டாக்டர்” என்றார் சலூன்காரர். “அந்த ஓரத்துல உக்காருங்க. வெளிச்சம் நல்லா இருக்கும்.”

டாக்டர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். காலி பெஞ்சைப் பார்த்தார். அவர் காதோரம் சிவந்தது.

“பரவாயில்ல. அவங்க முடிச்சுக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்து பையைத் திறந்தார்.

டாக்டருக்குப் பிறகு மனைவி, அதற்குப் பிறகு தான் என்று சலூன்காரர் மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டார். காலி நாற்காலியைத் தன் பக்கம் திருப்பி, துணியை உதறி அதன்மேல் போர்த்தினார். பிறகு, வேலை நடக்கிறது என்று டாக்டருக்குக் கேட்கும்படி, கத்தரியை வெறும் காற்றில் நிதானமாகச் சப்தமிடவிட்டார்.