நேற்றுப் பிடித்த தண்ணீர்

கணக்குப்படி லோகாம்பாள் வீட்டுக்குத் தண்ணீர் வந்தாக வேண்டும். பதினைந்து நாளாக ஒரு சொட்டும் வரவில்லை.

ஏரிக்கரையில் குழாய் முடிகிற இடத்தில் அவள் வீடு. தொட்டி வால்வைத் திறந்து மூடும் வேலை மோகனப்பிரியாவுடையது. முன்பு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஏதோ ஒரு நேரத்தில் மூன்று மணி நேரம் திறப்பாள். பதினைந்து நாளைக்கு முன் அதைத் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் என்று மாற்றியதும் அவள்தான். அதே தண்ணீர்தான், மூன்றாகப் பிரித்தது மட்டுமே. சனிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் வால்வு சாவியை அவளிடமிருந்து வாங்கிவிடுவது என்று பேச்சு.

எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று மோகனப்பிரியா நினைத்தாள். குழாய் மேல் இரும்புக் கம்பியை ஊன்றிக் காதை வைத்துத் தெரு நீளத்துக்கும் கேட்டுக்கொண்டே போனாள்.

"இன்னா பிரியா, கொழாய்க்கு ஜுரமா?" என்றாள் எதிரே மீன் கூடையோடு வந்த நந்தினி.

சந்தேகப்பட்ட இணைப்பைத் தோண்டினால் மணல் உலர்ந்து கிடந்தது. வீடு வீடாகப் போய், "நேத்து எத்தனை குடம் செலவாச்சு?" என்று கேட்டு நோட்டில் எழுதினாள். நாலு, ஐந்து, நாலு. யாரும் பொய் சொல்கிற மாதிரி இல்லை. கூட்டினால் தொட்டியில் பாதி மீந்திருக்க வேண்டும். தொட்டியோ காலி. தனக்குக் கூட்டத்தான் தெரியவில்லையோ என்று மறுபடி கூட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு லோகாம்பாள் காலிக் குடத்தோடு தொட்டியடிக்கே வந்துவிட்டாள்.

"படகுல போயி கேன் தண்ணி வாங்கி வாங்கி தோள் போச்சு. சாவியக் குடு, நான் தொறக்கறேன். நீ போயி தெருவப் பாரு."

ஆறு மணிக்கு மோகனப்பிரியா தெருவைப் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் அவள் எப்போதும் வால்வடியில் நிற்பாள்.

தெரு முழுக்க மணல் நனைந்திருந்தது. வாசலுக்கு வாசல் பெண்கள் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மா கலைவாணியும்தான்.

"இன்னாம்மா பண்றே?"

"நேத்துத் தண்ணிடி. புதுசு வருதில்ல?"

"முன்னெல்லாம் மூணு நாள் வச்சிக் குடிச்சோமே?"

"அடுத்தது வர்ற வரைக்கும் அது புதுசுதானே."

வீடு வீடாகப் போனபோது மோகனப்பிரியா செலவானதைக் கேட்டாளே தவிர, ஊற்றியதைக் கேட்கவில்லை. அம்மா கவிழ்க்கவிருந்த கடைசிக் குடத்தைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனாள்.

லோகாம்பாள் குடத்துக்குள் குனிந்து பார்த்தாள். "எப்பப் புடிச்சது?"

"நேத்து, அத்தை." பார்த்ததையும் சொன்னாள்.

லோகாம்பாள் ஒரு கை அள்ளிக் குடித்தாள். "நல்லாத்தான் கீது. ஆனா எனக்கும் தெனம் வந்தா நானும் ஊத்திடுவேன்."

லோகாம்பாள் சாவியை அவள் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நாளைக்குக் கூட்டத்துல நான் பேசறேன், சாவி உன்னாண்டயே இருக்கட்டும். ஆனா இனிமே எப்பத் தொறப்பேன்னு எவகிட்டயும் சொல்லாத. பெத்தவகிட்டயும். அடுத்தது எப்பன்னு தெரியாட்டி எவளும் ஊத்தமாட்டா."

நேற்றுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் ஏரிப் பக்கம் நடந்தாள். மோகனப்பிரியா நோட்டைப் பிரித்து, 'காலை ஆறு மணி' என்று எழுதியிருந்ததை அடித்தாள். பக்கத்தில் எந்த நேரத்தை எழுதுவதென்று தெரியாமல் நின்றாள்.