தொட்டிக்குப் போட்ட உரம்

வெங்காயத் தோட்டத்தை விட்டால் என் மனுசன் ஓயாமல் சண்டை பிடித்தது மகன் ரூபனுடைய மீன்தொட்டியோடுதான். "கறிக்கு உதவாத மீனுக்கு வீட்டுக்குள்ள ஏன் இடம்?" என்பார். போரால் வட்டுக்கோட்டைக்குக் கரண்ட் நின்ற பிறகும் ரூபன் அதைக் கைவிடவில்லை. தொட்டியை ஜன்னலடிக்கு நகர்த்தி வெளிச்சம் காட்டினான். சைக்கிள் பம்பால் காற்றடித்தான். மாசியில், வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பிக் கிளாலிக் கடலால் படகேறிக் கொழும்புக்கு வெளிக்கிட்டபோது, "அப்பா, மீனைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றான். என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான்.

அன்றோடு இவர் ஆளே மாறிவிட்டார். தோட்டத்தால் வந்து கால் கழுவ முதலே பம்பும் கையுமாக நிற்பார். மகனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அவன் திரும்பி வரும்வரை மீனைக் காப்பாற்றினால் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று வாய்விட்டே சொன்னார். விசர்க்கதை என்றேன். ஆனால் விடிய எழும்பியதும் நானும் முதலில் எட்டிப் பார்த்தது தொட்டியைத்தான்.

பங்குனி வெயிலுக்குக் கண்ணாடியெல்லாம் பாசி பிடித்தது. தேங்காய்த் தும்பால் உரஞ்சினார், திரும்பப் பிடித்தது. உள்ளே நின்ற செடிகளிலும் படர்ந்து, இலைகள் பழுக்கத் தொடங்கின. பயிர் பழுத்தால் இவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அரசாங்கம் தடை போட்ட பிறகு யூரியா உரம் கண்ணாலும் காணக் கிடையாது. நாற்றுக்கென்று கொஞ்சம் பால்மாத் தகரப் பேணிக்குள் ஒளித்து வைத்திருந்தார். வெங்காயத்துக்கே கிள்ளிக் கிள்ளிப் போட்ட மனுசன், அதில் ஒரு சிறங்கை அள்ளித் தொட்டியில் தூவினார்.

"செடி தேறினா மீனும் தேறும்."

விடிய எல்லா மீனும் வயிறு தெரிய மிதந்தன. வாழையடியில் புதைத்துவிட்டு வந்தார். அன்று சாப்பிடவில்லை. பிறகு தண்ணீரும் கீரைக்கடையல் போலப் பச்சையாகிவிட்டது. ஊற்றிவிடுங்கள் என்றேன், கேட்கவில்லை.

சித்திரையில், கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போய்வருகிற பக்கத்து வீட்டு ஏரம்பு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மார்க்கண்டண்ணை, கொழும்பில லொட்ஜைப் பொலிசு சுத்திவளைச்சுத் தமிழ்ப் பெடியளைப் பிடிச்சிட்டாங்கள். ரூபனும் அதுக்குள்ள. பொலிசுக்குப் போய்ப் பாத்தனான். கொஞ்ச நேரம்தான் கதைக்க விட்டவங்கள்."

"என்ன சொன்னவன்?" என்று கேட்டேன்.

ஏரம்பு தலையைச் சொறிந்தார். "மீனைப் பற்றித்தான் அக்கா. 'செடி பழுத்தா அப்பா யூரியா போடுவார். போட வேண்டாமெண்டு சொல்லுங்கோ, மீன் செத்துப்போம்' எண்டவன்."

இவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப விடுவாங்களாம்?"

"தெரியாதண்ணை. ஆரைக் கேக்கிறதெண்டும் தெரியேல்லை."

எனக்கு மட்டும் தெரியுமா? இங்கேயிருந்து கொழும்புப் பொலிசுக்கு நான் என்ன செய்ய?

"திரும்பிப் போகேக்க அவனைப் பாத்தா, அப்பா ஒண்டும் போடேல்லை, மீனெல்லாம் சுகமா இருக்குது எண்டு சொல்லும்" என்றேன்.

ஏரம்பு தொட்டியைப் பார்த்தார். பச்சைக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"ஓம் அக்கா, சொல்லுறன்."

இவர் பம்பை எடுத்துவந்து அந்தத் தண்ணீருக்குக் காற்றடிக்கத் தொடங்கினார். கை ஓய்ந்தபோது நான் வாங்கி அடித்தேன்.